துண்டு போடுவது அனுப்பத்தான், சேமிக்க அல்ல

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, அதை 100 எம்பி துண்டுகளாக வெட்டிப் பென் டிரைவில் போட்டு வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "கெட்டாலும் ஒரு துண்டுதானே கெடும், மீதி தப்பிக்கும்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது இதற்கு நேர்மாறு.

துண்டு போடும் வழக்கம் வந்ததே இடப் பற்றாக்குறையால்தான். அந்தக் கால ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும். பெரிய கோப்பை எடுத்துப்போக வேண்டுமானால் வெட்டித்தான் ஆக வேண்டும். இன்றும் ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது. ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபி கோப்பு ஏறாது. அங்கெல்லாம் வெட்டுவது சரி.

கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு இது ஒரு வரி வேலை. 7-ஸிப் கட்டளையில் ஒரு சிறு கோடும் வி என்ற ஆங்கில எழுத்தும் போட்டு, ஒட்டினாற்போல் 100எம் என்று சேர்த்தால் போதும். 001, 002 என்று முடியும் துண்டுகள் வந்துவிடும். லினக்ஸில் 'ஸ்ப்ளிட்' வெட்டும், 'கேட்' ஒட்டும்.

ஆனால் இந்தத் துண்டுகள் தனித்தனிப் பொட்டலங்கள் அல்ல. ஏணியில் ஏற்ற வசதியாகக் கழற்றிய கட்டில் மாதிரி. ஒரு சட்டம் தொலைந்தால் மீதிச் சட்டங்களில் படுக்க முடியுமா? 7-ஸிப்பில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும். கடைசித் துண்டு இல்லையென்றால் கோப்பு திறக்காது. எட்டுத் துண்டு என்றால், தொலைவதற்கு எட்டு வாய்ப்பு என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அண்ணனின் அறுபதாம் கல்யாணப் படங்களை இப்படி எட்டாக வெட்டி, இரண்டு பென் டிரைவில் பிரித்து வைத்திருந்தார். ஒன்று தொலைந்துவிட்டது. அண்ணனும் இப்போது இல்லை. கையில் நான்கு துண்டுகள் இருந்தும் ஒரு படம்கூடப் பார்க்க முடியவில்லை.

படங்களைச் சுருக்குவதிலும் பெரிய லாபம் இல்லை. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். மறுபடி சுருக்கினால் மிச்சமாகும் இடம் மிகக் குறைவு.

ஆகவே என் யோசனை இது. சேமிக்க வேண்டியதை வருடவாரியாக, விசேஷவாரியாகச் சாதாரண ஃபோல்டர்களில் வையுங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். யாராவது துண்டுகளாக அனுப்பினால், எல்லாம் வந்ததும் சேர்த்துப் பிரித்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அனுப்பியவரிடம் அதற்குப் பிறகு "அழித்துவிடலாம்" என்று சொல்லுங்கள்.

நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையா? உங்களிடம் இருக்கும் துண்டுகளுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் கடைசித் துண்டை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.