பிள்ளைகள் விளையாடட்டும்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். மூன்று வயது நிரம்பிச் சில மாதங்களே ஆன குழந்தை. முதுகிலே பை, கழுத்திலே தண்ணீர்ப் புட்டி, காலிலே பூட்சு, கண்ணிலே நீர். வாசலில் ஆட்டோ நிற்கிறது. குழந்தை தாயின் சேலைத் தலைப்பை விட மறுக்கிறது. தாய்க்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனாலும் "படித்தால்தானே நாளைக்கு நன்றாக இருப்பான்" என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஏற்றி அனுப்புகிறாள். மாலையில் குழந்தை திரும்பி வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு மிஸ் என்ன எழுதச் சொன்னாங்க?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

குழந்தை போகிற வகுப்புக்கு எல்.கே.ஜி. என்று பெயர். அதிலுள்ள 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். பிரெடரிக் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியப் பெரியார் 1837-ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் குழந்தையின் கையில் முதன்முதலாகக் கொடுத்தது புத்தகம் அன்று. கம்பளி நூலால் பின்னிய வண்ணப் பந்துகள். அடுத்து மர உருண்டை, சதுரக் கட்டை, உருளை. இவற்றோடு பாட்டு, ஆட்டம், செடி வளர்த்தல். 1851-இல் பிரஷ்ய அரசாங்கம் இந்தத் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார். 1860-இல் தடை நீங்கியது. அதன் பிறகு அந்தப் பெயர் உலகமெங்கும் பரவி நம் ஊர்ச் சந்து பொந்துகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் பெயர்ப் பலகைதான் வந்திருக்கிறதே தவிர, தோட்டம் வரவில்லை.

விளையாட்டு என்றால் வீணா?

நம் பேச்சு வழக்கிலே விளையாட்டுக்கு மதிப்புக் குறைவு. பொறுப்பில்லாதவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். ஒரு காரியத்தை மெய்யாகச் செய்யாவிட்டால் 'விளையாட்டுக்குச் செய்தேன்' என்கிறோம். ஆகவே குழந்தை விளையாடினால் நேரம் வீணாகிறது என்றும், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கினால் கல்வி வளர்கிறது என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தார்கள். ஆண்பாலுக்குரிய கடைசி மூன்று பருவங்கள் என்ன? மணல்வீடு கட்டும் சிறுமியர் நடுவே புகும் சிற்றில், பறை கொட்டும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அத்தனையும் ஆட்டந்தான்! பிள்ளையின் வளர்ச்சியை அவன் ஆடும் ஆட்டத்தைக் கொண்டே அளந்தார்கள். பாரதியாரும் பாப்பாவுக்குப் பாடியபோது விளையாட்டைச் சொல்லித்தான் பாட்டைத் தொடங்கினார். படிப்பு அதற்குப் பிறகே வருகிறது.

வீட்டு முற்றத்தில் செப்புச் சாமான்களை வைத்துச் சமைக்கிற குழந்தையைச் சற்று நின்று பாருங்கள். மணல் அரிசியாகிறது, வேப்பிலை கீரையாகிறது, குச்சி கரண்டியாகிறது. ஒன்று மற்றொன்றுக்காக நிற்கும் என்பதை அது தானே கண்டுகொள்கிறது. எழுத்து என்பதும் அதுதானே? 'அ' என்ற கோடும் வளைவும் ஓர் ஒலிக்காக நிற்கின்றன. கோலைக் குதிரையாக ஓட்டும் குழந்தை எழுத்துக்கு வேண்டிய அடிப்படையையே கற்கிறது என்று ரஷ்ய உளவியல் அறிஞர் லெவ் வைகோட்ஸ்கி (1896–1934) எடுத்துக்காட்டினார்.

பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். காய்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டு போகிற பிள்ளை எண்ணிக்கையைக் கைவிரலாலேயே படிக்கிறது. ஐந்தாங்கல் ஆடும்போது ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிலுள்ளதை வாரிக்கொள்ள வேண்டும். கண்ணும் கையும் ஒத்துழைக்காமல் அது நடக்குமா? கண்ணாமூச்சியில் ஒளிந்திருக்கும் பொடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறான். அடக்கத்தைப் பற்றி அவனுக்கு ஆயிரம் உபதேசம் செய்தாலும் அந்தப் பழக்கம் வராது.

பிஞ்சுக் கையும் பென்சிலும்

உடற்கூற்று நூலும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதில் இரண்டு மூன்றுதான் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். ஆறு வயதை ஒட்டித்தான் ஏழும், அதன் பிறகு சில ஆண்டுகள் கழித்து எட்டாவதும் அந்த நிலைக்கு வரும். அந்தப் பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணித்துக் கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது எந்த நியாயம்? மண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும், பூத் தொடுப்பதும் அந்தக் கையை எழுத்துக்குத் தயார் செய்யும் வேலைகள்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் இதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அந்த முறை இங்கிலாந்துக்கும் போயிற்று. திண்ணைப் பள்ளியில் எல்லாமே நன்மை என்று நாம் சொல்லவரவில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. ஆனால் விரலுக்கு முதலில் மணல், பிறகுதான் எழுதுகோல் என்ற அந்த ஒரு விவேகம் போற்றத் தக்கது.

மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, குழந்தைகளை விரலால் தடவிப் பார்க்கச் செய்தாரே, அதுவும் இந்த விவேகந்தான். அந்த அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்த நாட்டிலேயே தங்கினார். அடையாறிலும் கோடைக்கானலிலும் இருந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை செய்வதை அவர் 'விளையாட்டு' என்று சொல்லவும் விரும்பவில்லை. 'வேலை' என்றே சொன்னார். அவ்வளவு மரியாதை!

பெற்றோரின் கவலை

"இதெல்லாம் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறான், என் பிள்ளை பின்தங்கிவிட மாட்டானா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். இந்தக் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. கூலி வேலை செய்து, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பள்ளிக் கட்டணம் செலுத்துகிற பெற்றோர் தங்கள் பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்று விரும்புவது இயல்பே. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த இப்சிலாண்டி என்ற ஊரில் 1967-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 68 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பாடமுறை. மற்ற இரண்டு குழுக்களிலும் குழந்தைகள் தாங்களே தேர்ந்து விளையாடினார்கள். பள்ளிப் படிப்பில் மூன்று குழுவுக்கும் நெடுங்காலத்துக்குப் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் 23 வயதில் பார்த்தபோது, பாடமுறையில் வளர்ந்தவர்களிடையே மனக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றவர்களும் குற்றத்துக்காகக் கைதானவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். 68 பேர் என்பது சிறிய தொகைதான். இது ஒன்றைக் கொண்டே முடிவு கட்டிவிட வேண்டாம். ஆயினும் அவசரப்பட்டுத் திணித்த எழுத்தினால் நிலையான லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்லாந்து நாட்டில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பில் உலகுக்கு இளைத்தவர்கள் அல்லர்.

முற்றத்துத் தோட்டம்

குழந்தைகளின் தோட்டம் நமக்கு அந்நியமான பொருளும் அன்று. 1945-இல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் அம்மையார் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்களிடம் போகட்டும் என்று குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். அங்கிருந்து பிறந்ததே 'அங்கன்வாடி' என்ற பெயர். 'முற்றத்துத் தோட்டம்' என்று அதைத் தமிழாக்கலாம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் மட்டும் 50,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டமும் அவற்றுக்கு உண்டு.

ஆனால் நடப்பது என்ன? 'அங்கன்வாடியில் சும்மா விளையாட விடுகிறார்கள்' என்று சொல்லி, வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் பிள்ளைகளைப் பணம் கட்டும் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எது அதன் சிறப்போ அதுவே அதன் குறையாகிவிட்டது! மாநில அரசும் 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. பெற்றோரின் விருப்பம் எவ்வளவு வலுவானது என்பதற்கு இது சான்று. மற்றொரு பக்கம், அங்கன்வாடிப் பணியாளர் பாடு பெரும்பாடு. சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு, கைப்பேசியில் பதிவு என்று அத்தனையும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் தலையில் விழுகின்றன. இதற்கிடையே குழந்தையோடு உட்கார்ந்து கதை சொல்ல அவருக்கு நேரம் ஏது?

நோய்க்கு மருந்து நமக்குத் தெரியாமல் இல்லை. 1993-இலேயே பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, மழலையர் பள்ளிகளை ஒழுங்குபடுத்த வேண்டும், எழுத்தும் எண்ணும் அளவுமீறித் திணிப்பதைத் தடுக்க வேண்டும், சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று சொல்லிற்று. 2013-இல் வந்த தேசியக் கொள்கையும் விளையாட்டுவழிக் கல்வியையே வற்புறுத்தியது. ஏட்டில் இருப்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் வரவேண்டும்; அவ்வளவுதான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஐந்து வயது ஆகும் வரை வீட்டுப் பாடமும் தேர்வும் வேண்டாம் என்று பள்ளிகள் உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளைச் சேர்க்கும் பள்ளிக்கு மண்ணும் மரநிழலும் உள்ள ஒரு துண்டு இடமாவது இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் காலை இரண்டு மணி நேரத்தை வேறு எந்தக் கணக்கும் கேட்காமல் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கித் தரவேண்டும். விளையாட்டு என்பது பிள்ளையைக் கவனியாமல் விட்டுவிடுவதன்று. பொருளை எடுத்துவைத்து, உடனிருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒருவர் அதற்கு வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இதற்குப் பணம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். நாளை மாலை பிள்ளை வீடு திரும்பியதும், "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன விளையாடினாய், கண்ணு?" என்று கேளுங்கள். அது கை கால்களை ஆட்டிக்கொண்டு சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேளுங்கள். சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமே இல்லை என்றால், அன்றைக்குப் பள்ளிக்கூடம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.