முலுண்டுக்குத் தனி வார்டுக் குழு வேண்டும்

முலுண்ட் கிழக்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் மன்றம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. மும்பை மாநகராட்சியின் முலுண்ட் வார்டுக்கு, பாண்டுப் வார்டோடு சேர்க்காமல், தனியாக ஒரு வார்டுக் குழு அமைக்கப்பட வேண்டும். அந்தக் குழுவின் கையில் செலவழிக்கப் பணம் இருக்க வேண்டும். முலுண்டில் உள்ள மாநகராட்சி நிலத்தைப் பற்றிய எந்த முடிவும் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட்டு, மக்கள் காதுபட விவாதிக்கப்பட்ட பிறகே எடுக்கப்பட வேண்டும். இதுதான் எங்கள் நிலைப்பாடு.

வார்டுக் குழு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. 2022 மார்ச் 7-ஆம் தேதி மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அரசியலமைப்பின் 243யு பிரிவின்படி, காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு, வார்டு எல்லை மறுவரையறை என்று வழக்குகள் நீண்டன. பதவிக்காலம் முடிந்த மறுநாள் முதல் மாநகராட்சி ஆணையரே நிர்வாகியும் ஆனார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு வாரத்தில் தேர்தலை அறிவிக்கச் சொன்னது. செப்டம்பரில் 2026 ஜனவரி 31 என்று இறுதிக் கெடு வைத்தது. கடைசியில் 2026 ஜனவரி 15 அன்று வாக்களித்தோம். இடைப்பட்ட காலத்தில் மும்பையின் 227 இடங்களில் ஒன்றில்கூட கார்ப்பரேட்டர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி உறுப்பினர், இருக்கவில்லை. கார்ப்பரேட்டர் இல்லையென்றால் வார்டுக் குழுவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் நடந்தது. மும்பைக்குத் தாமதத்தில் முதலிடம்கூடக் கிடைக்கவில்லை.

1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தில், 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டி 1994-இல் வார்டுக் குழுக்கள் சேர்க்கப்பட்டன. அந்தப் பகுதியின் கார்ப்பரேட்டர்கள், வார்டு அதிகாரி, வாக்குரிமை இல்லாத மூன்று நியமன உறுப்பினர்கள் வரை இதில் இடம்பெறுவர். நியமன உறுப்பினர்கள் சமூகப் பணி செய்யும் அமைப்புகளிலிருந்து வர வேண்டும். தண்ணீர், சாக்கடை, துப்புரவு, மழைநீர் வடிகால் பற்றிய குறைகளை விரைவில் தீர்ப்பதும், வார்டுக்கான செலவு மதிப்பீடுகளைப் பார்த்துப் பரிந்துரை செய்வதும் குழுவின் வேலை. பட்ஜெட்டில் இடம்பெற்ற பணிகளில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலானவற்றுக்குக் குழுவே அனுமதி தரலாம். ஒரு சந்தின் சாக்கடைக்கு மூடி போட்டு மேலே சிமெண்ட் பூசினால் ஐந்து லட்சம் முடிந்துவிடும். இதே மாநகராட்சியின் 2025–26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய்.

தனிக் குழு ஏன் என்ற கேள்விக்கு எண்களே பதில். 2022 வரை இருந்த ஏற்பாட்டில் முலுண்டும் பாண்டுப்பும், பாண்டுப்பின் எஸ், முலுண்டின் டி என்ற வார்டு எழுத்துகளைச் சேர்த்து, ‘எஸ் அண்ட் டி’ என்று ஒரே குழுவில் இருந்தன. பாண்டுப் வார்டு என்றால் பாண்டுப் மட்டுமல்ல. விக்ரோலி, காஞ்சூர்மார்க், பவாய் எல்லாம் அதற்குள் வரும். 2017 தேர்தல் கணக்குப்படி அங்கே 14 கார்ப்பரேட்டர்கள், முலுண்டுக்கு 6. எந்த வாக்கெடுப்பிலும் முலுண்டின் ஆறு பேரும் ஒன்றுசேர்ந்தால்கூடத் தோற்பார்கள். பாண்டுப்காரர்கள் நமக்கு எதிரி என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுடைய மலைச்சரிவுக் குடிசைகளின் பாடு நம்முடையதைவிடக் கனமானது. அவர்கள் தங்கள் பகுதிக்கு முதலில் கேட்பது நியாயம்தான். அந்த நியாயத்துக்கு அடுத்தபடியாகத்தான் முலுண்டின் முறை வந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முலுண்ட் வார்டில் சுமார் 3 லட்சத்து 41 ஆயிரம் பேர். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரத்தில் வார்டுக் குழுக்கள் கட்டாயம் என்கிறது அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு. 1957-இல் பெருமும்பையின் எல்லை இங்கே வரை நீட்டப்படாமல், செக் நாக்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாணே போல முலுண்டும் தனி ஊராகவே இருந்திருந்தால், தனக்குள்ளேயே வார்டுக் குழுக்களை வைத்திருக்க வேண்டிய ஊர் இது. பெருநகரத்தில் சேர்ந்ததால் பக்கத்து வார்டோடு பாதிக் குழுவாகிப்போனது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதற்கு நிலப் பிரச்சினையே சாட்சி.

முலுண்ட் கிழக்கின் குப்பைமேடு 1967-இல் தொடங்கியது. பரப்பு 24 ஹெக்டேர். ஹரி ஓம் நகர்ப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அதைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறக்க முடியாத கோடைகள் அவர்களுக்கு நினைவிருக்கும். 2018 அக்டோபர் 1 முதல் அங்கே குப்பை கொட்டுவது நின்றது. சேர்ந்து கிடந்த ஏறத்தாழ 70 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்க ஆறு ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. கெடு தள்ளிப்போனது. ஆனாலும் என்றாவது ஒரு நாள் அந்த நிலம் காலியாகும், அரை நூற்றாண்டு நாற்றத்தைச் சகித்த மக்களுக்கு மைதானமோ மருத்துவமனையோ கிடைக்கும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

குப்பை முழுவதும் அகலும் முன்பே நிலத்துக்கு ஆள் வந்தது. தாராவி மறுமேம்பாட்டுக்காக, அங்கே இலவச வீட்டுக்குத் தகுதி பெறாதவர்களைக் குடியேற்ற முலுண்டில் 64 ஏக்கர் கேட்கப்பட்டது: குப்பைமேட்டில் 46, பழைய ஆக்ட்ராய் நாக்காவில் 18. குப்பைமேட்டின் மொத்தப் பரப்பே சுமார் 59 ஏக்கர்தான். இதற்கும் மேல், 2024 செப்டம்பரில் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் சுமார் 256 ஏக்கரைத் தாராவி மறுகுடியேற்றத்துக்குத் தர மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்னொரு பக்கம், வேறு திட்டங்களால் வீடிழப்போருக்காக முலுண்ட் கிழக்கில் கேல்கர் கல்லூரிப் பக்கம் 7,439 வீடுகள் கட்டும் திட்டமும் வந்து, மக்கள் தெருவில் இறங்கினார்கள். இவை பெரும்பாலும் முலுண்டில் ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லாத ஆண்டுகளில் நடந்தவை. அந்த ஆண்டுகளில் மாநகராட்சித் தலைமையகத்தில் பொறுப்பு அமைச்சருக்கு அறை இருந்தது. முலுண்ட்காரர் எழுந்து கேள்வி கேட்க ஓர் அவை இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மன்றம் தன் பங்குக்குத் தெளிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் இரண்டு பக்கமும் நிற்பவர்கள். எங்கள் உறுப்பினர்களில் பலருடைய உறவுகள் இன்றும் தாராவியில், 90 அடி ரோட்டின் இரு பக்கச் சந்துகளில் இருக்கின்றன. தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் இறங்க, பேரன் படித்து வேலை கிடைத்து முலுண்டில் ஒரு படுக்கையறை வீடு வாங்கிய குடும்பங்கள் எங்களிடம் உண்டு. எனவே சொசைட்டிக் கூட்டங்களில் “தாராவிக்காரங்க வந்தா ஏரியா கெட்டுடும்” என்று தமிழிலும் குஜராத்தியிலும் மராத்தியிலும் பேசப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தப் பேச்சோடு சேர்ந்து எந்த ஊர்வலத்திலும் எங்கள் பதாகை வராது.

அதே சமயம், தாராவி மக்களை இங்கே அனுப்புவது அவர்களுக்கு நன்மை என்று சொல்வதையும் நம்பவில்லை. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து குடியிருப்போருக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்போருக்கும் வெளியே, விலைக்கோ வாடகைக்கோதான். விடியற்காலையில் இட்லி அவித்து, பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் பறக்கிறவரை முலுண்ட் குப்பைமேட்டுக்கு அனுப்பினால் அவருக்கு வீடு கிடைக்கும், தொழில் போய்விடும். சயானிலிருந்து முலுண்ட் வர ஸ்லோ லோக்கலில் அரை மணி ஆகிறது. இட்லிக் குண்டானோடு அந்த நெரிசலில் ஏற முடியுமா என்று திட்டம் வரைந்தவர்கள் ஒரு முறை ஏறிப் பார்க்கட்டும். எழுபது லட்சம் டன் குப்பை கிடந்த மண்ணில் என்ன வாயு வரும், நிலத்தடி நீர் எப்படி, மண் எத்தனை மாடியைத் தாங்கும் என்பதையும் முதலில் சோதித்து, முடிவுகளை வெளியே வைக்க வேண்டும். நமக்கு நாற்றமான இடம் அவர்களுக்கு மட்டும் நல்ல இடமாகிவிடாது.

தாராவியிலிருந்து யாரும் வரக்கூடாது என்பது எங்கள் கோரிக்கை அல்ல. எத்தனை குடும்பம் வருகிறது, அவர்களுக்கும் ஏற்கனவே இருப்பவர்களுக்கும் தண்ணீர் எவ்வளவு, பள்ளி எங்கே, மருத்துவமனைப் படுக்கைகள் எத்தனை என்ற கேள்விகளை முலுண்டின் அவையில் வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். எம்.டி. அகர்வால் மருத்துவமனையின் மறுகட்டுமானம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட ஊர் இது. நோயாளியைக் காட்கோபர் ராஜாவாடிக்கோ சயானுக்கோ ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு, புதிதாக வரும் பல்லாயிரம் குடும்பங்கள் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள் என்று கேட்க உரிமை உண்டு. வந்து சேரும் குடும்பங்களுக்கும் அதே உரிமை உண்டு.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்கு பாண்டுப் வார்டில் இருக்கிறது, அதன் நாற்றம் எல்லை பார்ப்பதில்லை. கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலை இரண்டு வார்டையும் தொடுகிறது. அப்படியிருக்கக் குழுவை ஏன் பிரிக்க வேண்டும் என்பார்கள். சரியான கேள்வி. பொதுவானவற்றுக்கு இரு குழுக்களும் சேர்ந்து அமரட்டும். ஆனால் முலுண்ட் மலையடிவாரத்துச் சால்களில், அந்த ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகளில், குழாயில் காற்று மட்டும் வருவதைப் பேச, பவாயின் ஏரி விவகாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாநகராட்சியின் உதவி எண் 1916-க்கு அழைத்தால் புகார் எண் கிடைக்கும்; அந்த வசதி நல்லதுதான். ஆனால் நாலா என்னும் பெரிய வடிகாலை எந்த மாதம் தூர்வாருவது, இருக்கும் பணத்தில் எந்தச் சந்து இந்த ஆண்டு, எது அடுத்த ஆண்டு என்று வரிசைப்படுத்துவது தொலைபேசி எண்ணால் ஆகிற காரியமல்ல. அதற்கு எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட ஓர் இடம் வேண்டும். ஐந்து லட்சம் என்ற வரம்பைக் குறைந்தது ஐம்பது லட்சமாக உயர்த்தவும், தேவையானால் சட்டத்தைத் திருத்தவும் மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

குழுவுக்குக் கீழே, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் வேண்டும். மகாராஷ்டிரம் 2009-லேயே இதற்குச் சட்டத்தில் இடம் செய்துவிட்டு அப்படியே வைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் வந்து உட்கார்ந்தார். கேரளத்தில் 1996-இலேயே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் போனது. மும்பையும் இதில் வெறும் பின்தங்கிய ஊர் அல்ல. காட்கோபரின் ஜோஷி லேன் குடியிருப்போர் தொண்ணூறுகளில் தங்கள் தெருக் குப்பையைத் தாங்களே பிரித்துக் காட்டியதைப் பார்த்துத்தான் மாநகராட்சி ஏ.எல்.எம். என்னும் தெருக் குழுத் திட்டத்தை எடுத்தது. அதன் குறை, அது சொசைட்டிகளின் திட்டமாகவே நின்றுபோனது. குடிசைப் பகுதிக்கு வேறு திட்டம், வேறு பெயர். பகுதி சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே பாய்தான். கட்டடத்துச் செயலாளரும் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே கூட்டத்தில் பேசினால்தான் அந்தத் தண்ணீர்க் கணக்கு நேராகும்.

கூட்ட அறிவிப்பு மராத்தியில் இருப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பெரியவர்கள் பலருக்கு மராத்தி பேச வரும், படிக்கத்தான் வராது. அதைப் படித்துச் சொல்ல எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிவிப்பு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக வார்டு அலுவலகத்திலும், ரயில் நிலையத்தின் இரு பக்கமும், குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைச் சுவர்களிலும் ஒட்டப்பட்டால் போதும்.

மூன்று நியமன இடங்களில் ஒன்றை எங்கள் மன்றத்துக்கு நாங்கள் கேட்கவில்லை. அவற்றில் ஒன்று சால்களிலும் குடிசைகளிலும் வேலை செய்யும் பெண்கள் அமைப்புக்குப் போக வேண்டும் என்று கேட்கிறோம். இந்த அறிக்கையின் மராத்தி வடிவத்தை முலுண்டின் கார்ப்பரேட்டர்கள் எல்லோருக்கும், கட்சி பார்க்காமல், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆதரவோ மறுப்போ, அவர்கள் எழுதித் தரும் பதில் எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு சொல்லும் மாறாமல் ஒட்டப்படும். பதில் தராதவர் பெயருக்கு எதிரே இடம் காலியாக விடப்படும்.