பட்டியலும் பாஸ்வேர்டும்

செர்ட்-இன் அமைப்பின் எஸ்பாம், அதாவது மென்பொருள் கூறுகளின் பட்டியல் பற்றிய வழிகாட்டுதல் 2024 அக்டோபரில் வந்தபோது, அது மென்பொருள் கம்பெனிகளின் தலைவலி என்று இந்த வட்டாரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். 2025 ஜூலையில் இரண்டாம் பதிப்பும், கூடவே விரிவான ஆடிட் வழிகாட்டுதலும் வந்தபிறகு அப்படி ஒதுங்க இடமில்லை. காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, வடசென்னை அனல்மின் நிலையம் என்று பொதுத்துறையும் அத்தியாவசியச் சேவையும் நெருக்கியடித்து நிற்கும் பகுதி இது. எந்த எச்எம்ஐ-யில் எது ஏறியிருக்கிறது என்று ஆண்டுதோறும் கேட்கத்தான் போகிறார்கள்.

கேட்பது நியாயம். 2017 ஜூனில் நாட்பெட்யா மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் மெர்ஸ்க் முனையத்தை முடக்கியது. அந்தப் புழு உலகுக்குள் நுழைந்த வழி எம்.இ.டாக் என்ற உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளின் அப்டேட். தன் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் எதை அடைப்பான்?

எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் நமக்குச் சண்டை. ஆடிட்டுக்கு வருகிறவர்களின் ஸ்கிரிப்டில் இன்னும் வின்32_ப்ராடக்ட் இருக்கிறது. டபிள்யூமிக் போய் பவர்ஷெல் வந்தாலும் வகுப்பு அதேதான். அது பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போவதில்லை. எம்எஸ்ஐ வழியாக ஏறிய ஒவ்வொரு பேக்கேஜையும் சரிபார்க்கிறது, பிசகு கண்டால் ரிப்பேரும் தொடங்குகிறது. ஈவண்ட் வியூவரைத் திறந்தால் 1035 என்ற எண் வரிவரியாக ஓடியிருக்கும். இன்டகிரேட்டர் கையால் மாற்றி வைத்த அமைப்பு பழையபடி திரும்பிவிட்டால், கன்வேயர் ஓடும் நேரத்தில் அதற்கு யார் பதில் சொல்வது? ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் கிளையை, 32 பிட்டுக்கான வாவ்6432நோடையும் சேர்த்து, படித்தாலே போதும், எதுவும் அசையாது.

லினக்ஸ் பக்கம் ஆபத்து குறைவு, ஏமாற்றம் அதிகம். டிபிகேஜி தரும் பட்டியலில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரி, நீக்கப்பட்டு கான்ஃபிக் கோப்பு மட்டும் மிஞ்சியதைக் குறிக்கிறது. அதையும் நிறுவியதாக எண்ணிக் கணக்கு காட்டிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறோம். ஓப்ட் அடைவில் டார் கோப்பாக அவிழ்த்துப் போட்டதோ, வார் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் லாக்4ஜே-வோ அந்தப் பட்டியலில் வராது. கணக்குப்பிள்ளை தன் ஏட்டில் ஏறியதைத்தானே சொல்வார்.

இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்கிறார்கள் என்பதே இந்த இதழின் நெடுநாள் ஆதங்கம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கட்டுப்பாட்டு அறை. இரவு ஷிப்டில் இருப்பவர் திருவொற்றியூர்க்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. எந்த ஸ்கிரீன் எப்போது உறையும், எந்த கேபிளை ஆட்டினால் திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியும். கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்க அவருக்கு அனுமதியில்லை. அட்மின் பாஸ்வேர்டு வேறு ஊரிலிருக்கும் வெண்டரிடம். ஏஎம்சி ஆள் வந்தால்தான் பட்டியல். அவர் வருகைக்கும் தனி பில்.

புதிதாக வாங்கும்போது விற்பவரிடமே எஸ்பாம் கேள் என்கிறது வழிகாட்டுதல். நல்லது. பத்து வருடமாக ஓடும் இயந்திரத்தை யார் திறப்பது? டெண்டர் எழுதும் மேலதிகாரிகள் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறார்கள். தங்கள் பணத்தில் வாங்கிய கணினியின் சாவி தங்களிடம் இருக்கவேண்டும் என்று ஒரு வரி எழுத மட்டும் மனம் வருவதில்லை. ஆடிட்டில் ஓட்டை தெரிந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருவதோ ஷிப்ட் இன்சார்ஜுக்கு. மெமோ தர அதிகாரம் இருக்கிறவர்களுக்கு, வெண்டரிடம் பாஸ்வேர்டு கேட்கும் துணிச்சல் இத்தனை காலம் எங்கே போயிற்று?

அடுத்த ஏஎம்சி புதுப்பிப்பு மேசைக்கு வரும்போது மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு ஷிப்டிலிருப்பவர் பெயரில், ஒப்பந்தத் தொழிலாளியானாலும் சரி. ஆடிட் ஸ்கிரிப்ட் முதலில் உபரிக் கணினியில் ஓடவேண்டும், உற்பத்தியில் இருப்பதில் ஷட்டவுன் நேரத்தில் மட்டும். பட்டியலின் ஒரு பிரதி கட்டுப்பாட்டு அறையிலேயே இருக்கவேண்டும். இவை ஏறாத தாளில் பராமரிப்புப் பிரிவு கையெழுத்துப் போடக்கூடாது.