அழ மட்டும் பிறந்தவங்களா நாம?

தலித் இலக்கியம் படிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். உடனே ஒரு பட்டியல் கைமாறுகிறது. அந்தப் பட்டியலில் பாதிப் புத்தகங்கள் நம்மை அழ வைப்பவை. மீதி, நம்மைக் காட்டி அடுத்தவர்களை அழ வைப்பவை. அழுவதற்கு நமக்குப் புத்தகம் எதுக்குங்க? அதைத்தான் பிறந்த நாளிலிருந்து செலவில்லாமல் கற்றுக் கொடுத்துவிட்டார்களே.

நான் விமர்சகன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வங்கியில் குமாஸ்தா. காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நம்ம சனங்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் பார்ப்பது இரண்டு. இதில் நம்ம ஆட்கள் சிரிக்கிறாங்களா? இதில் நம்ம ஆட்கள் தப்பு பண்றாங்களா? இரண்டும் இல்லையென்றால், எழுதியவர் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி, அவர் மனுசங்களை எழுதவில்லை. கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனுவை எழுதியிருக்கிறார்.

முதலில் சிரிப்பு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் வலி, வேதனை, கண்ணீர் என்றே பேசுகிறார்கள். எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு சிரிப்பு. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, பொட்டலத்தில் கைபடாமல் கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்த்துக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கை பட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்று விளக்குகிறார். தீண்டாமையை இதைவிட அம்மணமாக்கிய இடம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. ஏன்னா, அந்தப் பிள்ளையின் முதல் பார்வைதான் சரியான பார்வை. வளர்ந்த மனுசன் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது கோமாளித்தனம்தானே? அந்தக் கோமாளித்தனத்துக்குப் பின்னால் நிலமும் அரிவாளும் போலீசும் நிற்பதால்தான் யாரும் சிரிப்பதில்லை. பாமா சிரித்துவிட்டுத்தான் கோபப்படுகிறார். அந்தக் கோபம் அதனாலேயே கூர்மையாக இருக்கிறது.

கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாற்றைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழில் தந்திருக்கிறார். மாட்டுக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள் நுகத்தடியைத் தோளில் தாங்கி ஏர் இழுக்கிறார்கள். அதில் ஒருவர் எழுதியவரின் அப்பா. எவனுக்கும் கை நடுங்குகிற இடம். சித்தலிங்கையா குரலை உயர்த்தாமல் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுகிறார். இவ்வளவு பட்டவருக்குக் கோபமே இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கோபம் இல்லாமலா 1970களில் தலித் சங்கர்ஷ சமிதியைக் கட்டியவர்களில் ஒருவரானார்? கோபத்தைத் தெருவில் எங்கே வைக்கணும், பக்கத்தில் எங்கே வைக்கணும் என்று தெரிந்த மனுசன் அவர்.

2024இல் நம்மை விட்டுப் போன ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) நம்ம பக்கத்துச் சிரிப்பின் உச்சம். பங்குச் சாமியார், விடுதி, கல்லூரி, கட்சி, சொந்தக்காரன், கடைசியில் தன்னையே என்று ஒருத்தரையும் விடாமல் கிண்டலடிக்கிற புத்தகம். சாதி போகாத கிறிஸ்தவத்தில் பிறந்தவன் வேலைக்காக இந்துவாக மாறிச் சான்றிதழ் வாங்கப் போகிறான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று கட்டிப் போட்டது. பிறகு 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு, தலித் கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. இதைப் பற்றி எத்தனையோ துண்டறிக்கை போட்டிருக்கிறோம். அந்தத் துண்டறிக்கைகள் எல்லாம் சேர்ந்து சொல்லாததை சிலுவைராஜின் அசட்டுச் சிரிப்பு சொல்லிவிடுகிறது.

இப்போது மற்ற பக்கத்துக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இதை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. நாவலில் கொடுமையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? பண்ணையாரின் ஆண்மைக் குறைவில். அடப்பாவிகளா! பண்ணையாருக்கு உடம்பு சரியாக இருந்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? நிலமும் கூலியும் சாதியும் உளவியல் புகையில் மறைந்துபோகின்றன. சேரிச் சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். படித்துவிட்டுத் தில்லியிலிருந்து வந்தவர்கள் யோசிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். நம்ம ஆட்கள் எரிகிறார்கள். சாவதற்கு மட்டுமே ஒரு கதைக்குள் அழைக்கப்படுவது என்ன மரியாதை?

எழுதியவரின் சாதியைப் பார்த்து நான் புத்தகத்தைத் தள்ளுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' 1947இல் மலையாளத்தில் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். இரண்டு பேரும் நம்ம தெரு இல்லை. ஆனால் ஆலப்புழையில் மலம் அள்ளுகிற சுடலைமுத்து முழு மனுசன். மகன் தோட்டியாகக் கூடாது என்ற வெறியில் காசு சேர்க்கிறான். அதற்காகச் சொந்த சனத்தை ஏமாற்றுகிறான், சங்கத்தையே காட்டிக் கொடுக்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயர் வைத்ததற்கு ஊரே சிரிக்கிறது. ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எப்படியிருக்கும் என்று அந்த இடத்தில் தெரியும். தினம் சிறுவாட்டுக் காசை மடியில் முடிந்துகொண்டு வந்து வங்கியில் கட்டுகிற ஆட்களைப் பார்க்கிறவன் நான். சுடலைமுத்துவின் துரோகத்துக்குள் இருக்கிற பாசம் எனக்கு விளங்குகிறது. அவனை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. இதுதான் எழுத்து.

ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்' வேறு ரகம். 'அறம்' தொகுப்பில் (2011) இருக்கிறது. ஐ.ஏ.எஸ். ஆன பிறகும் உட்கார ஒரு நாற்காலி சரியாகக் கிடைக்காத நாயாடி சாதி அதிகாரியின் கதை. நாற்காலி பற்றி அது சொல்வதில் மிகையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிறவன் சாட்சி சொல்கிறேன். ஆனால் அந்தத் தாயைப் பாருங்கள். பசியும் பயமும் அழுக்குமாக மட்டுமே வருகிறாள். பிச்சை எடுத்தே பிள்ளையை வளர்த்தவளுக்கு ஒரு தந்திரம் இருக்காதா, ஒரு நக்கல் இருக்காதா, எசமானைப் பற்றி முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு இருக்காதா? கதையைப் படித்து அழுததாகச் சொல்லாதவர் இல்லை. அழுதவர்கள் எழுந்துபோய் யாருக்கு நாற்காலி போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. அழுகை பல பேருக்குப் பரிகாரம் மாதிரி. கோயில் குளத்தில் முங்கி எழுந்தால் பாவம் போச்சு. இதற்குப் பக்கத்தில் கன்னடத்து அரவிந்த மாளகத்தியின் 'கவர்மென்ட் பிராமணன்' புத்தகத்தை வையுங்கள். இடஒதுக்கீட்டில் வந்தவனைக் குத்திக் காட்டுகிற வசவை எடுத்துத் தன் புத்தகத்துக்குத் தலைப்பாகவே வைத்துக்கொண்டார். வைதவன் இனி அந்த வார்த்தையை எப்படிப் பயன்படுத்துவான்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் நம்ம தோழர்களுக்கு முகம் சுருங்கும். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில் காத்தமுத்து சேரித் தலைவர். சாதிக்காரர்கள் அடித்து விரட்டிய தங்கம் என்ற தலித் பெண் நியாயம் கேட்டு அவரிடம் வருகிறாள். அவர் வழக்கை நடத்துகிறார், அவள் பெயரில் வந்த பணத்தையும் எடுத்துக்கொள்கிறார், கடைசியில் அவளையும் எடுத்துக்கொள்கிறார். மகள் கௌரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் இயக்கத்தில் காத்தமுத்துகள் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் முன்னால் வரட்டும். சிவகாமி பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். அந்த நேர்மை பெரிது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது எழுந்த சண்டை இன்றும் ஓயவில்லை. பறையர் காலனிக்குத் துணி வெளுத்து, ராச்சோறு வாங்கித் தின்று வாழ்கிற புதிரை வண்ணார் குடும்பத்துக் கதை. ஆரோக்கியம் படுகிற பாட்டுக்கும், அவள் மகளுக்கு நடக்கிற கொடுமைக்கும் காரணம் ஆதிக்க சாதித் தெரு இல்லை, நம்ம தெரு. நான் பறையர் தெருவில் பிறந்தவன். களத்தில் அவளுக்கு அளந்து போடுகிற தானியத்தைக் குறைத்துப் போடுகிற கை என் தாத்தா கை மாதிரி இருக்கிறது. பழைய காலம் போச்சே என்று ஆரோக்கியம் ஏங்குவது பிற்போக்கு என்கிறார்கள். பிடி சோற்றுக்குக் கையேந்தவே பழக்கப்பட்டவள், அந்தச் சோறும் நிற்கும்போது வேறு எதை நினைத்து ஏங்குவாள்? புரட்சிகரமான ஏக்கத்தை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?

வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரலாமா, எதிரிக்கு இது ஆயுதமாகாதா என்கிறார்கள். படிப்படியான ஏற்றத்தாழ்வு என்பதை அம்பேத்கர் நமக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏணியின் ஒவ்வொரு படியிலும் நிற்பவனுக்கு மிதிக்க இன்னொரு தலை கிடைக்கிற வரை சாதி சாகாது என்பதுதானே அதன் பொருள்? அவர் படத்தை மேடையில் வைத்துவிட்டு இந்த நாவலை மேடைக்குக் கீழே தள்ளுவது என்ன கணக்கு? அயோத்திதாசர் தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது நமக்கு ஒரு பாட்டனார் கிடைத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914இல் சாகும் வரை எழுதியவர். 'வேஷ பிராமணர்' என்ற அவரது ஒரு சொல்லில் இருக்கிற நக்கல் ஆயிரம் முழக்கத்துக்குச் சமம். அதே எழுத்தில், தாழ்ந்த சாதி வேறு, தாழ்த்தப்பட்ட சாதி வேறு என்று பிரித்து, சக்கிலியரையும் தோட்டியையும் கீழே நிறுத்துகிற பகுதிகளும் இருக்கின்றன. பாட்டனாருக்கு மாலையும் போடுவோம், அந்தப் பக்கத்தையும் சத்தமாக வாசிப்போம். இரண்டையும் செய்ய முடியாதவர்கள் பக்தர்கள்; அவர்களுக்கு வேறு கோயில்கள் இருக்கின்றன.

இது இலக்கியச் சண்டை மட்டுமில்லை தோழர்களே. அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009இல் தமிழ்நாட்டில் சட்டமானது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் நம்ம ஆட்கள் பேசிய பேச்சைக் கேட்டீர்களா? நம் பங்கைப் பறிக்கிறான், ஒற்றுமையை உடைக்கிறான், இத்யாதி. இடஒதுக்கீட்டுக்கு எதிராக ஆதிக்க சாதிக்காரன் காலங்காலமாகப் பேசுகிற வசனம் நம் வாயில் அச்சு மாறாமல் வந்தது. ஆரோக்கியத்தின் கதையை ஒழுங்காகப் படித்தவன் வாயில் அது வந்திருக்காது.

அதனால் மாணவத் தோழர்களுக்கு என் பட்டியல் சின்னது. 'கருக்கு'வில் தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே. சிலுவைராஜோடு சுற்றுங்கள். பிறகு 'கோவேறு கழுதைகள்'. அதை மட்டும் தனியாகப் படிக்க வேண்டாம். வாசிப்பு வட்டத்தில் வைத்துப் படியுங்கள். அன்றைக்குப் புதிரை வண்ணார், அருந்ததியர் தோழர்கள் முதலில் பேசட்டும். நாம் கடைசியில் பேசுவோம். பேச ஒன்றுமில்லையென்றால் சும்மா உட்கார்ந்து கேட்போம்.