தொப்பிக்காரனுக்கு ஏன் பைத்தியம்?

'மேட் ஆஸ் எ ஹேட்டர்' என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. தொப்பி செய்பவனைப் போலப் பைத்தியம் என்பது அதன் நேர்ப்பொருள். தேர்வுக்கு நாம் புரட்டும் கையேடுகளில் 'முழுப் பைத்தியம்' என்ற இரண்டு சொற்களோடு விளக்கம் முடிந்துவிடும். அதை நெட்டுருப் போட்டால் மதிப்பெண் கிடைக்கும். பொருள் கிடைக்காது என்பதே என் கட்சி.

1865-இல் வெளிவந்த லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில்தான் இத்தொடர் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, அதற்கு முன்பே அது அச்சேறிவிட்டது. (கரோல் ஆக்ஸ்போர்டில் கணித விரிவுரையாளர் என்பது நம் கணிதத் துறை நண்பர்களுக்கு மகிழ்ச்சி தரும்!)

தொப்பி செய்பவனுக்கு ஏன் பைத்தியம் பிடிக்க வேண்டும்? இதற்கு விடை வேதியியலில் இருக்கிறது. முயல் முதலியவற்றின் ரோமத்தை ஃபெல்ட் துணியாக்க, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின் மேல் தடவினார்கள். ரோமம் காரட் நிறமாகும். ஆதலால் அவ்வேலைக்கே 'காரட்டிங்' என்று பெயர். பிறகு உலர்த்தும்போதும் நீராவியில் காட்டி வடிவமைக்கும்போதும் பாதரச ஆவி கிளம்பும். பாதரசம் கொதிக்க 357 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். ஆவியாகவோ அறையின் வெப்பமே போதும். அந்த ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமற்ற பட்டறைகளில் அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, காரணமில்லாத கோபமும் கூச்சமும் வந்தன. அமெரிக்காவில் தொப்பிக்குப் பெயர்போன டான்பரி நகரில் இதை 'டான்பரி நடுக்கம்' என்றே அழைத்தார்கள்.

இத்தொடருக்கு வேறு பிறப்புக் கூறுவோரும் உளர். இருக்கட்டும். தொழிலாளர் நடுங்கியது உண்மை. 1860-இலேயே நியூஜெர்சி மருத்துவர் ஃப்ரீமன் இந்நோயைப் பற்றி எழுதி வெளியிட்டார். அமெரிக்கத் தொப்பித் தொழிலிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டதோ 1941-இல்! இடையில் 81 ஆண்டுகள். தெரியாமல் நேர்ந்தது என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தை சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்ப்பவர். அவர் கண் சிவப்பை வைத்து ஊரில் ஒரு பட்டப்பெயர் வழங்குகிறது. குடிப்பழக்கமே இல்லாத மனிதர். அதனால்தானோ என்னவோ, வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் இத்தொடருக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆங்கில விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தொடரை நடத்தும் நாளில் அந்தப் பட்டறையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். கையேடு எழுதுவோர், இடமில்லை என்றால், 'பாதரசம்' என்ற ஒரு சொல்லையாவது பக்கத்தில் சேர்க்கட்டும்.