இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டால் அதன் பின்னாலேயே லேப்டாப், ஆளுக்கொரு மொபைல் என்று எல்லாம் வந்துவிடுகின்றன. அத்தனையிலும் சேரும் போட்டோக்களையும் வீடியோக்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வாங்கலாமா என்ற ஆசை அடுத்து எழும். தாராளமாக வாங்கலாம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கடையில் அந்தப் பெட்டியோடு சேர்த்து ஒரு நம்பிக்கையையும் விற்றுவிடுகின்றனர். "உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கு சார். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். பேக்கப்பே வேண்டாம்!" எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். இந்த நம்பிக்கை தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு பைலை இதில் சேமித்தால், அது இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். இதனை மிரரிங் என்பார்கள். ரெய்ட் 1 என்றும் சொல்வதுண்டு. ரெய்ட் என்ற பெயர் 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்தது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்கிற்குப் பதில் விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்குவதும், அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடுவதும்தான் அவர்கள் சொன்ன யோசனை. கவனியுங்கள், வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் பேரனின் போட்டோவைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது அதன் வேலை அல்ல. நீங்கள் ஒரு போல்டரைத் தவறுதலாக டெலீட் செய்தால், அது இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே போய்விடும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ், இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான கியூநாப் சர்வர்களில் புகுந்து, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அவற்றில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் இரண்டாவது டிஸ்க்கில் இருந்ததும் பூட்டிய பைல்தானே! 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததே, அப்படி வந்தால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெட்டியை வாங்கி ஆறு வருடம் அது ஒரு தொந்தரவும் தரவில்லை. டிவிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரு நாள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மனைவி, "இதுல ஆரஞ்சு லைட் எரியுதுங்க, முன்னாடி பச்சையாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் பிரவுசர் மூலம் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். ஒரு டிஸ்க் செயலிழந்து 40 நாட்கள் ஆகியிருந்தன! பெட்டி தன் கடமையைச் செய்திருந்தது. தினமும் எனக்கு இமெயில் அனுப்பியிருந்தது. ஆனால் நான் கொடுத்திருந்தது பழைய இமெயில் முகவரி. அதை நான் திறந்து பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. பீப் ஒலியையும் முதல் வாரத்திலேயே, தூக்கம் கெடுகிறது என்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். ஆக, இரண்டு டிஸ்க் இருக்கிறது என்ற தைரியத்தில் 40 நாட்கள் ஒரே டிஸ்க்கில் ஓட்டியிருக்கிறோம். எந்தச் சேதமும் தெரியாமல் வேலை நடந்துகொண்டே இருப்பதுதான் மிரரிங்கின் பெருமை. ஆபத்தும் அதுதான்.

அன்று மாலையே அக்கா மகனுடன் போய் அதே 4 டெராபைட் அளவில் ஒரு புதிய டிஸ்க் வாங்கி வந்தேன். பழுதான டிஸ்க் எண் 1 என்று திரையில் காட்டியது. பெட்டியை முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டு, 1 என்று எழுதியிருந்த தட்டை உருவி, புதியதை மாட்டி, மீண்டும் ஆன் செய்தேன். ஒரு போல்டரும் இல்லை. இருபது வருடப் போட்டோக்கள் இருந்த இடத்தில் வெறும் திரை! கை நடுங்கியது. அக்கா மகன்தான், "மாமா, சாப்ட்வேர் பூஜ்யத்திலிருந்து எண்ணுமே, பார்த்தீங்களா?" என்றான். அதுதான் நடந்திருந்தது. பெட்டியின் மேல் 1, 2 என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சாப்ட்வேர் 0, 1 என்று எண்ணுகிறது. நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். மீண்டும் ஷட்டவுன் செய்து அதனையே பழைய இடத்தில் மாட்டியதும் போல்டர்கள் திரும்பி வந்தன. அந்தப் பதற்றத்தில், திரையில் வந்த பார்மட் செய்யவா என்ற கேள்விக்குச் சரி என்று கிளிக் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எனவே, உங்களிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இன்றே ஒரு காரியம் செய்திடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் அச்சிட்டிருக்கும் சீரியல் எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, அதன் தட்டின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். சாப்ட்வேரும் பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து என்ன செய்வது? புதிய டிஸ்க்கை மாட்டி ரீபில்ட் கொடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழைய டிஸ்க்கில் உள்ளதை முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை படித்து, புதியதில் எழுதுவதுதான் ரீபில்ட். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 4 டெராபைட்டிற்கு ஏழரை மணி நேரம் பிடிக்கும். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். எஞ்சியிருக்கும் டிஸ்க் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். செத்துப்போனதுடன் அதே நாளில் அதே கடையில் வாங்கியது. அதே சூட்டில், அதே மின்வெட்டுகளைப் பார்த்து, அதே அளவு மணி நேரம் உழைத்தது. அதில் நாம் வருடக்கணக்கில் திறக்காத போட்டோக்கள் இருக்கும் பகுதி கெட்டுப் போயிருந்தால், படிக்க முயலும் வரை அது யாருக்கும் தெரியாது. ரீபில்ட் செய்யும்போதுதான் முதல் முறையாக முழு டிஸ்க்கும் படிக்கப்படுகிறது. அதாவது, கிழவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே மலை ஏறச் சொல்கிறோம்.

2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். டிஸ்க்கின் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், அது அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்றது அந்த அறிக்கை. பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்மார்ட் என்ற சோதனை முறையின் நான்கு முக்கியமான அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்றும் சொன்னது. எனவே ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

ஆகவே முதலில் காப்பி, பிறகுதான் ரீபில்ட். கடையில் மீண்டும் கிடைக்காத பைல்கள் எவை? சினிமாவும் பாட்டும் போனால் போகட்டும். நான் ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்து, குடும்பப் போட்டோ, வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன் பைல்கள் என 400 ஜிகாபைட் அளவை முதலில் காப்பி செய்தேன். யு.பி.எஸ். இணைத்திருந்ததால் நடுவில் கரண்ட் போனதும் பாதிக்கவில்லை. இரவு முழுவதும் ஓடியது. காலையில் பார்த்தால் இரண்டு வீடியோக்கள் மட்டும் படிக்க முடியவில்லை என்று நின்றிருந்தன. மற்றவை அனைத்தும் வந்துவிட்டன.

அதன் பிறகு ரீபில்ட் கொடுத்தேன். 71 சதவீதத்தில் நின்றது. மீண்டும் கொடுத்தேன், மீண்டும் அதே இடம். பிறகு அந்த டிஸ்க்கும் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. முதலிலேயே ரீபில்ட் செய்யப் போயிருந்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இன்னொரு புதிய டிஸ்க் வாங்கி, இரண்டையும் வைத்துப் புதிதாக அமைத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன்.

இப்போது பீப் ஒலி ஆன் செய்யப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை, நான் தினமும் பார்க்கும் இமெயிலுக்கு வருகிறது. மாதம் ஒரு முறை முழு டிஸ்க்கையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப் வசதியை இயக்கி வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியிலும் அது வேறு ஏதாவது பெயரில் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை எடுத்து வந்து புதியவற்றைச் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சர்வர் வாங்கும் பணத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க மிச்சம் இல்லை என்றால், சர்வரைத் தள்ளிப் போடுங்கள் என்பேன். கடைக்காரர் என்னைத் திட்டுவார், பரவாயில்லை.

படிக்க முடியாமல் போன இரண்டு வீடியோக்களில் ஒன்று அப்பாவின் அறுபதாம் கல்யாணம். அது தங்கையிடம் ஒரு டிவிடியில் இருந்தது, கிடைத்துவிட்டது. மற்றொன்றில் பாட்டி என் மகளை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுப் பாடுவார், மூன்று நிமிடம். உறவினர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். யாரிடமும் இல்லை.