கிங்ஃபிஷர் பீர் இப்போ யாரோடது? பட்வைசர் முதல் டாஸ்மாக் வரை... ஒரு கம்பெனி கைமாறிய கதை

பட்வைசர்னா அமெரிக்கா. கிங்ஃபிஷர்னா இந்தியா. பலர் மனசுல பதிஞ்சிருக்கிற கணக்கு இதுதான். ஆனா இந்த ரெண்டுமே இன்னைக்கு ஐரோப்பிய நிறுவனங்களோட கையில இருக்கு. பட்வைசரைத் தயாரிக்கும் நிறுவனத்தை பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்பெவ் 2008-ல் வாங்கியது. கிங்ஃபிஷரைத் தயாரிக்கும் யுனைடெட் ப்ரூவரீஸில் 2021-ல் பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனது நெதர்லாந்தின் ஹைனெகன்.

முதல் விற்பனைக்கு அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ரெண்டாவது விற்பனை நடந்ததே இங்கே பலருக்குத் தெரியாது. ஏன் இந்த வித்தியாசம்? கைமாறியதால் யாருக்கு என்ன ஆச்சு? சென்னையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரையோ, வங்கியில் பணம் போட்டிருக்கும் ஒருவரையோ இது எப்படித் தொடுகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் 1852-ல் வேர்விட்ட நிறுவனம் ஆன்ஹைசர்-புஷ். 2008 ஜூனில் இன்பெவ் ஒரு பங்குக்கு 65 டாலர் தருவதாக விலை பேசியது. நிறுவனம் மறுத்தது. ‘அமெரிக்க அடையாளத்தை வெளிநாட்டுக்காரனுக்கு விற்காதீங்க’ என்று இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடந்தது. மிசௌரி ஆளுநர் எதிர்த்தார். அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ஒபாமாவும் வருத்தம் தெரிவித்தார்.

ஜூலையில் விலை 70 டாலராக உயர்ந்தது. எதிர்ப்பு அடங்கியது. மொத்தம் சுமார் 5,200 கோடி டாலருக்கு டீல் முடிந்தது. பாட்டிலில் புஷ் குடும்பத்தின் பெயர் இருந்தாலும், அந்தக் குடும்பத்திடம் இருந்த பங்கு சுமார் 4 சதவீதம்தான். மீதியெல்லாம் பொதுப் பங்குதாரர்களிடம். அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது, விற்றுவிட்டார்கள்.

பில் வந்தது வேறு ஆட்களுக்கு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்காவில் சுமார் 1,400 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் பெரும்பகுதி செயின்ட் லூயிஸில். எட்டு வருஷம் கழித்து, 2016 கோடையில், அதே வெளிநாட்டு நிறுவனம் பட்வைசர் கேன்களில் பிராண்ட் பெயருக்குப் பதிலாக ‘அமெரிக்கா’ என்றே அச்சடித்து விற்றது. கம்பெனி யாருடையது என்பது வேறு, லேபிளில் எந்த நாட்டுப் பெருமை ஓடுகிறது என்பது வேறு!

கிங்ஃபிஷர் கைமாறியது எப்படி?

தென்னிந்தியாவில் இருந்த பழைய ப்ரூவரிகளை இணைத்து, தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தொடங்கியது யுனைடெட் ப்ரூவரீஸ். நாடு விடுதலை பெற்ற 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். மதராஸில் சரக்கு விற்றுவந்த மெக்டோவல் நிறுவனத்தையும் அவர் 1951-ல் வாங்கினார். 1983-ல் அவர் இறந்ததும் பொறுப்புக்கு வந்தவர் மகன் விஜய் மல்லையா.

அதாவது, வெள்ளைக்காரர் தொடங்கி, இந்தியர் கைக்கு வந்து, மறுபடி ஐரோப்பாவுக்குப் போன கம்பெனி இது.

ஹைனெகன் திடீர்னு வந்து குதிக்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் நிறுவனம் 2005-ல் யுனைடெட் ப்ரூவரீஸில் 37.5 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 2008-ல் அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தையே ஹைனெகனும் கார்ல்ஸ்பெர்க்கும் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டன. இந்தியப் பங்கு ஹைனெகன் பக்கம் விழுந்தது. அப்போது மல்லையா தரப்பும் ஹைனெகனும் சம பலம். கடைசி வரை அப்படியே இருந்திருக்கலாம். கெடுத்தது ஒரு விமானம்.

பீரை மூழ்கடித்த விமானம்

மது விளம்பரத்துக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. அதனால் தண்ணீர் பாட்டில், காலண்டர் என்று வேறு பொருட்களில் பிராண்ட் பெயரை ஓட்டுவது மது நிறுவனங்களின் வழக்கம். 2005-ல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸும் அதே பெயரைத்தான் தாங்கியது. ஆனால் அது லாபம் பார்க்கவே இல்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. 2012 அக்டோபரில் விமானங்களும் நின்றன.

விமான நிறுவனம் வாங்கிய கடனுக்கு மல்லையாவும், குழுமத்தின் தாய் நிறுவனமும் உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். சிக்கல் இங்கேதான்.

சுலபமா புரிய ஒரு உதாரணம். மயிலாப்பூரில் ஒருத்தர் மெஸ் நடத்துறார்னு வைங்க. நல்லா ஓடுது. மெஸ்ஸில் பாதிப் பங்கு வெளியூர் பார்ட்னருக்கு. ஓனர் அதே பேர்ல தி.நகரில் ஒரு டிராவல்ஸ் ஆரம்பிக்கிறார். அதுக்குக் கடன் வாங்க, தானே ஜாமீன் கையெழுத்தும் போடுறார். டிராவல்ஸ் படுத்துடுது. வங்கி எங்க வரும்? நஷ்டத்துல கிடக்கிற வேன்களை வெச்சு கடன் அடையாது. ஓனரோட மெஸ் பங்கு மேலதான் கை வைக்கும். அதை ஏலத்துக்குக் கொண்டு வந்தா, முதல் ஆளா வாங்க நிக்கிறவர் யார்? ஏற்கெனவே உள்ளே இருக்கிற பார்ட்னர்தான்.

நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கடன் பாக்கி வட்டியோடு 9,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மல்லையா 2016 மார்ச்சில் நாட்டை விட்டு வெளியேறினார். அமலாக்கத் துறை முடக்கிவைத்த பங்குகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் வங்கிகள் பெற்றன. கடன் மீட்புத் தீர்ப்பாயம் வழியாக 2021 ஜூன் 23 அன்று சுமார் 3.96 கோடி பங்குகள் விற்கப்பட்டன. வங்கிகளுக்கு வந்தது ஏறக்குறைய 5,825 கோடி ரூபாய். ஹைனெகனின் பங்கு 46.5 சதவீதத்திலிருந்து 61.5 சதவீதமானது.

செயின்ட் லூயிஸில் விற்றது விருப்பப்பட்ட பங்குதாரர்கள். பெங்களூருவில் விற்றது கடனை வசூலிக்க வந்த அதிகாரி. அமெரிக்காவில் கேட்ட ‘நம்ம கம்பெனி போகுதே’ என்ற குரல் இங்கே எழாததற்கு இது முக்கியக் காரணம். இங்கே எல்லாரும் கேட்ட கேள்வி, ‘வங்கிப் பணம் திரும்பி வருமா?’

அந்தப் பணம் யாருடையது?

கடன் கொடுத்த கூட்டமைப்புக்குத் தலைமை எஸ்பிஐ. உடன் இருந்தவை பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகள். அண்ணா சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் நம்ம இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் ஒன்று. மாம்பலத்திலோ அடையாறிலோ ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருக்கும் ஒரு ஓய்வூதியருக்கு பீரோடு எந்த சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். ஆனா அவரைப் போன்றவர்களின் பணத்தில்தான் அந்த விமானம் பறந்தது.

மல்லையா தரப்பு சொத்துகள் மூலம் பொதுத்துறை வங்கிகளுக்கு 14,131 கோடி ரூபாய் திரும்பக் கிடைத்ததாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். தீர்ப்பாயம் நிர்ணயித்த கடன் 6,203 கோடிதான், அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வசூலித்துவிட்டார்கள் என்பது மல்லையாவின் வாதம். தீர்ப்பாயம் அந்தத் தொகைக்கு மேல் வட்டியும் விதித்திருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மோசடிக் குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார்.

ஒண்ணு மட்டும் தெளிவு. லாபத்தில் ஓடிய பீர் கம்பெனியின் பங்குகளுக்கு நல்ல விலை கொடுக்க ஒருவர் இருந்ததால்தான் இவ்வளவு பணம் திரும்பியது. வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு மூடியிருந்தால், வாங்க வரும் ஆட்கள் குறைந்திருப்பார்கள். விலையும் குறைந்திருக்கும்.

சென்னையில் என்ன மாறியது?

கடையில் நிற்பவருக்கு, கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. காரணம், டாஸ்மாக்.

தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனை 1983 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதனிடமே. எந்த பிராண்டை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, கம்பெனிக்கு என்ன விலை கொடுப்பது, கடையில் என்ன விலைக்கு விற்பது என எல்லாமே அரசுத் தரப்பு முடிவு. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியதும் அரசுதான். 2024 பிப்ரவரியில் 650 மில்லி பீருக்கு 10 ரூபாய் கூடியபோது, அந்த முடிவு ஆம்ஸ்டர்டாமில் எடுக்கப்படவில்லை; இங்கேதான் எடுக்கப்பட்டது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். ஹைனெகன் அந்தப் பங்குகளுக்குக் கொடுத்ததைப் போல ஏழு மடங்குக்கும் மேல், அதுவும் ஒரே வருஷத்தில்!

ஆக, வெளிநாட்டு நிறுவனத்தால் கம்பெனியை வாங்க முடியும். கவுன்ட்டரை வாங்க முடியாது.

அப்போ கவலைப்பட எதுவுமே இல்லையா?

இருக்கு. ஆனா அது ‘வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டான்’ என்பது இல்லை. இந்திய பீர் சந்தையின் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களிடம் இருக்கிறது என்பதுதான். நெதர்லாந்தின் ஹைனெகன் கையில் இருக்கும் யுனைடெட் ப்ரூவரீஸ், பட்வைசரை வைத்திருக்கும் பெல்ஜியத்தின் ஏபி இன்பெவ், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்.

இந்தச் சந்தையில் விலைக் கூட்டுச்சதி நடந்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மாநில அரசுகளிடம் என்ன விலை கேட்பது என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன என்பது முக்கியமான கண்டுபிடிப்பு. புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் உண்டு. யுனைடெட் ப்ரூவரீஸுக்கு சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்கு சுமார் 121 கோடி அபராதம். விஷயத்தை முதலில் போட்டுக்கொடுத்த ஏபி இன்பெவ் தரப்புக்கு முழு விலக்கு. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இதை உறுதிசெய்தது.

காலத்தைக் கவனிங்க. ஆணையம் சொன்ன கூட்டுச்சதி 2009-லேயே தொடங்கிவிட்டது. அப்போது யுனைடெட் ப்ரூவரீஸின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு இந்தியர். முதலாளியின் பாஸ்போர்ட் நிறம் வாடிக்கையாளருக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

இன்னொரு உதாரணம், தெலங்கானா. அங்கேயும் மது வாங்கும் ஒரே ஆள் அரசு நிறுவனம்தான். 2019-20-க்குப் பிறகு விலையை உயர்த்தவில்லை, பாக்கியும் நிற்கிறது என்று சொல்லி, 2025 ஜனவரி 8 அன்று யுனைடெட் ப்ரூவரீஸ் சப்ளையை நிறுத்தியது. சில நாட்களில் பேச்சுவார்த்தைக்குப் பின் சப்ளை தொடங்கியது. பிப்ரவரியில் அரசு பீர் விலையை 15 சதவீதம் உயர்த்தியது. ஒரே ஒரு வாங்குபவர், மூன்றே பெரிய விற்பவர்கள். இந்த இரண்டு யானைகளும் இடித்துக்கொண்டால், விலைப்பட்டியல் மாறுவது நடுவில் நிற்பவருக்குத்தான்.

என்ன புரிஞ்சுக்கலாம்?

* ஜாமீன் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு தொழிலின் கடன், நன்றாக ஓடும் இன்னொரு தொழிலை விழுங்கிவிடும். குடும்பத் தொழிலுக்கும் இது பொருந்தும், நண்பரின் பர்சனல் லோனுக்கும் பொருந்தும்.

* பங்குச்சந்தையில் முதலீடு செய்பவர்கள், கம்பெனியின் லாபத்தோடு சேர்த்து, புரமோட்டர் வேறு எதற்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார், பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அடகு விவரத்தைப் பங்குச்சந்தை இணையதளங்களிலேயே பார்க்கலாம்.

* ‘நம்ம பிராண்ட்’ என்ற உணர்வு விளம்பரத்துக்கு உதவும். விலை, வேலை, தரம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது சந்தையில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்பதே.

பழக்கப்பட்ட ஒரு பிராண்டை வெளிநாட்டு நிறுவனம் வாங்கும் செய்தி அடுத்த முறை வரும்போது, கொடியைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். விற்றது யார், விருப்பப்பட்டா, வேறு வழியில்லாமலா? பணம் யார் கைக்குப் போனது? இனி அந்தச் சந்தையில் போட்டிக்கு மிச்சம் இருப்பவர்கள் எத்தனை பேர்? கிங்ஃபிஷர் விஷயத்தில் முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மூன்றாவது கேள்விதான் இன்னும் அப்படியே நிற்கிறது.

(மது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)